முன்னட்டையில் ஒரு பிறை

ஜூன் 10, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டது: சீல் மெஷினுக்கு வளைவு வராது. அது அழுத்தினால் நேர்கோடுதான் விழும்.

காலையில் தவமணி அண்ணாச்சி எங்கள் மூன்று பேரையும் முன்னறைக்குக் கூப்பிட்டு, செல்போனை மூக்குக்கு நேரே நீட்டினார். கரூரிலிருந்து ஒரு பல் டாக்டர் அனுப்பிய படம். நாங்கள் பத்துக்கு எட்டரை கொடுத்துப் பெட்டியில் அடைத்து அனுப்பிய ‘ஏழாம் நங்கூரம்’. முன்னட்டையின் கீழ் ஓரத்தில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற ஒரு சின்னப் பள்ளம். பிறை போல வளைந்திருக்கிறது. எங்களுக்கு அனுப்பும்போது அது இல்லை என்பதற்கும் அவரிடம் படம் இருக்கிறது.

“சொத்தைப் பல்லு பாக்குற கண்ணாடிய வச்சுப் பாத்திருக்காரும்மா” என்றார் அண்ணாச்சி. “நமக்கு வாய்ச்ச கஸ்டமர் அப்படி. இது யாரு வேலை?”

“கூரியரா இருக்கும் அண்ணாச்சி” என்றார் எபனேசர்.

“பெட்டிக்குள்ள கூரியர்காரன் எப்படிய்யா கைய விட்டான்? மந்திரவாதியா அவன்?”

அப்புறம் எல்லோருடைய பார்வையும் ஜெயக்கொடி அக்காவிடம் போனது. கடைசியாகப் புத்தகத்தைத் தொடுவது அவர்தான்.

“என் கை பட்டு இதுவரைக்கும் ஒரு மூலை மடங்குனது கெடையாது” என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. முந்தானையை மட்டும் இழுத்துச் செருகிக்கொண்டார்.

வயதான பிறகு இதைப் படிக்கப்போகும் எனக்காக ஒரு குறிப்பு, அப்போது எல்லாம் மறந்திருக்கும் என்பதால். நான் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் ‘செம்பிரதி’. சேகரிப்பாளர்கள் தங்கள் பழைய காமிக்ஸ் இதழ்களைச் சிவகாசிக்கு அனுப்புவார்கள். நாங்கள் குறை பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவோம். முதலில் நான் அட்டையைப் பார்த்துக் குறைகளைச் சீட்டில் எழுதுவேன். பிறகு உள்ளே பக்கங்களை எண்ணுவேன். அடுத்தது எபனேசர். என் சீட்டைப் பார்க்காமல் அவர் தன் சீட்டை எழுத வேண்டும். இரண்டு சீட்டும் ஒத்துப்போனால் அண்ணாச்சி முத்திரை குத்துவார்; ஒத்துப்போகாவிட்டால்தான் புத்தகத்தைக் கையில் எடுப்பார். பிறகு அக்கா சீல் வைப்பார். அதற்கப்புறம் பெட்டியை உடைக்காமல் யாரும் அந்தப் புத்தகத்தைத் திறக்க முடியாது.

ஒரு காலத்தில் அச்சடித்து, மை காய்வதற்குள் அடுக்கி அனுப்பிய ஊர், இன்று அதே புத்தகங்களை மூக்கைச் சுளித்துக்கொண்டு எடை போடுகிறது. எங்களுக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு அச்சில் தள்ளிப்போய் அவள் காதில் உட்கார்ந்திருந்தால், அது பிறவிக் குறை, மார்க் குறையாது. யாரோ அவளுக்கு மீசை வரைந்திருந்தால், அது வளர்ப்புக் குறை, குறையும்.

என் மேசைக்கு எதிரே சுவரில் அண்ணாச்சி சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார்: படிக்காதே, பார்.

ஜூன் 11, புதன்

குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பி, குளியலறை வாளியையும் நிரப்பி, கடைசியில் அம்மா குக்கரைக் கூட நீட்டினாள்.

மெஷின் விஷயத்தை இன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பல் டாக்டர் தன் படத்தைச் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இப்போது தமிழ்நாடு முழுக்க ஆண்கள் ஜன்னலோரம் நின்று பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து ஒரு பிறை வந்தது. திருப்பத்தூரிலிருந்து இன்னொன்று. பெங்களூரிலிருந்து ஒருவர் பிறையை வட்டமிட்டு, பக்கத்தில் அழுகிற முகம் வைத்து அனுப்பியிருந்தார். போன வருடம் அடைத்த பெட்டிகளிலும் இருக்கிறதாம்.

நான் காரணங்களை யோசித்துப் பார்த்தேன். இந்த ஊர் வெயிலுக்குக் காகிதம் சுருங்கலாம். பழைய அட்டையின் வார்னிஷ் ஒரே இடத்தில் தளரலாம். எப்போதோ படித்த ஒரு கட்டுரையில், காகிதத்துக்கு நினைவு உண்டு, ஒருமுறை மடங்கிய இடத்தை அது மறக்காது என்று இருந்தது. இதை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“அதுக்கு நெனவு இருக்கட்டும்மா. எனக்கு நெஞ்சு வலிக்குது” என்றார்.

மத்தியானம் ‘கண்ணாடிக் கோட்டைக் கள்வன்’ என் மேசைக்கு வந்தது. பக்கம் எண்ணும்போது கண் எழுத்தின் மேல் படத்தான் செய்யும். கள்வன் யாரென்று கடைசிக்கு முந்தின பக்கம் வரை தெரியவில்லை. எண்ணி முடிக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமானது.

என் சீட்டில் எட்டு. எபனேசர் சீட்டிலும் எட்டு. எங்கள் சீட்டுகள் எப்போதும் ஒத்துப்போகும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

“ரெண்டு பேரும் பேசி வச்சுப் போடுறீகளா?” என்று அண்ணாச்சி ஒருமுறை கேட்டிருக்கிறார்.

“நாங்க பேசுறதே இல்ல அண்ணாச்சி” என்றார் எபனேசர்.

அது உண்மை. நான் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை அவர் என்னிடம் பேசியதில் பாதி, “அந்த பிரஷ்ஷக் குடுங்க மேடம்”. மீதிப் பாதி, “தேங்க்ஸ் மேடம்”.

ஜூன் 16, திங்கள்

அண்ணாச்சி மெஷினைச் சோதித்தார். கழித்துப் போட்ட இதழ்களை ஒரு கட்டு கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அக்காவைச் சீல் வைக்கச் சொல்லி, தோளுக்கு மேல் நின்று பார்த்தார். அக்கா ஒவ்வொன்றையும் பிரசவம் பார்ப்பவர் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். ஒன்றில்கூடப் பிறை விழவில்லை.

“பாத்தீகளா?” என்றார் அக்கா.

“என்னத்தப் பாக்குறது? ஆள் பக்கத்துல நின்னா எல்லாரும் ஒழுங்காத்தான் செய்வாக.”

“அப்ப தெனமும் வந்து நில்லுங்க. எனக்கும் பேச்சுத் துணையாச்சு.”

எபனேசர் சிரித்துவிட்டு, அதை இருமலாக்கிக்கொண்டார். அவர் பொய்யாக இருமும்போது இடது கையைத்தான் வாயில் வைப்பார். நிஜ இருமலுக்கு வலது கை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

முடிவாகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஆட்டோமேட்டிக் சீல் மெஷின் வரப்போகிறது. பொத்தானை அழுத்தினால் போதும், அண்ணாச்சியே அழுத்திக்கொள்வார். மாதக் கடைசியோடு அக்காவை நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா தன் டப்பாவிலிருந்து எனக்குக் கத்தரிக்காய்ப் புளிக்கூட்டு வைத்தார்.

“அடுத்து எங்கக்கா போவீங்க?”

“எங்க போவேன்? பழைய எடந்தான். பட்டாசு ஆபீஸுல மருந்து கலக்குற ரூமுக்கு ஆள் கேக்காக.” விரலை விரித்துக் காட்டினார். “நகத்துக்குள்ள ஏறுன மஞ்ச இங்க வந்து ஒரு வருசம் கழிச்சுத்தான் போச்சு. என் மக நேத்து ராத்திரி எங்கூடச் சண்ட. நீ மருந்து ரூமுக்குப் போனா நான் காலேஜுக்குப் போக மாட்டேங்குறா. தெனமும் சாயங்காலம் உன்னை எதிர்பாத்துப் பயந்துகிட்டு வாசல்ல நிக்க முடியாதுங்குறா.”

“வேற வேலை…”

“இந்த ஊருல வேற என்ன வேலைம்மா, என் வயசுக்கு? ஒண்ணு அச்சு, இல்ல வெடி.” பிறகு என் தட்டைப் பார்த்தார். “நீ ஏன் பெசஞ்சுக்கிட்டே இருக்க? புளி கூடிப்போச்சா?”

கூட்டு நன்றாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டினேன். வெட்ட வேண்டிய நாள்தான்.

ஜூன் 23, திங்கள்

அண்ணாச்சி பேங்குக்குப் போயிருந்தார். அக்கா மாத்திரை வாங்கப் போயிருந்தார். எபனேசர் தன் நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் இது முதல் தடவை. புகார் வந்த இதழ்களின் படங்களை வரிசையாக மேசையில் வைத்தார்.

“ஒரு விசயம் கவனிச்சீங்களா மேடம்?”

“என்ன?”

“இதுல ஒண்ணுகூட மோசமான கதை இல்ல.”

நான் பார்த்தேன். ‘ஏழாம் நங்கூரம்’. ‘மௌன சாட்சி மூவர்’. ‘வௌவால் நாட்டு வரி’. உண்மைதான். நாங்கள் கட்டுக்கட்டாக அடைத்து அனுப்பிய ‘வானவில் படை’ வரிசையிலிருந்து ஒரு பிறைகூட இல்லை. அந்தப் படையின் கதைகள் எப்படிப்பட்டவை என்றால், வில்லனே இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விடுவான்.

“மெஷினுக்கு ரசனை இருக்குன்னு சொல்றீங்களா?” என்றேன்.

“மெஷினுக்கு இல்ல.”

ஒரு நல்ல கேள்வி, கேட்பவரைத் தப்ப வைக்கும். எனக்கு அப்போது ஒன்று கிடைத்தது. “இதெல்லாம் நல்ல கதைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எபனேசர் சுவரைப் பார்த்தார். சுவரில் ‘படிக்காதே, பார்’ என்று இருந்தது. அவருடைய காது மடல் இரண்டும், அச்சில் தள்ளிப்போன நிறம் போலச் சிவந்தன.

“நானும் படிப்பேன்” என்றார். “ஆனா ஸ்டாண்டுல சாய்ச்சு வச்சு, காகிதம் மடிக்கிற எலும்புக் கத்தியாலதான் பக்கத்தத் திருப்புவேன். நான் சுத்தமாத் திருடுறவன் மேடம். நீங்க கையில வச்சு, கட்டவெரல அட்டை மேல ஊண்டிப் படிக்கிறீங்க. கதை இறுகுனா உங்க கட்டவெரலும் இறுகுது.”

நான் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனேன்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க வந்த புதுசுலயே. உங்ககிட்ட இருந்துதான நேரா எங்கிட்ட வருது. நீங்க பாக்குறப்ப அட்டையில அது இருந்திருக்காது. நான் பாக்குறப்ப இருக்கும். சில நாளு, தொட்டா லேசாச் சூடாக்கூட இருக்கும்.”

“அப்போ ஏன் உங்க சீட்டுல அதைக் குறையா எழுதல?”

அவர் படங்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

“எழுதுனா உங்க சீட்டும் என் சீட்டும் ஒத்து வராதே.”

அதற்குள் அக்கா படியேறும் சத்தம் கேட்டது. நாற்காலி தன் இடத்துக்குப் போய்விட்டது.

ஜூன் 24, செவ்வாய்

அவர் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. வார்த்தை இல்லாமல் இல்லை. எது முதலில் வர வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் இங்கே சரியாக எழுதிவிடுகிறேன். நான் புத்தகங்களைப் படிப்பதில்லை. எண்ண ஆரம்பித்துப் படித்துவிடுகிறேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று நேற்று வரை நம்பினேன். எழுதிப் பார்த்தால் அவ்வளவு தெரியவில்லை.

யாரோ ஒருவர் இந்தக் கதையை மெனக்கெட்டுத் தமிழாக்கினார். யாரோ எழுத்துக் கோத்தார். எங்கள் பெட்டிக்குள் போய்விட்டால் இனி யாருக்கும் இதன் முடிவு தெரியப்போவதில்லை. எட்டரை என்கிற எண் மட்டும்தான் தெரியும். போகும் முன் ஒருத்தியாவது படிக்கட்டுமே என்றுதான். இது நல்ல காரணம். ஜெயக்கொடி அக்காவின் மகளிடம் போய்ச் சொல்லக்கூடிய காரணமாகத் தெரியவில்லை.

மாவு அரைத்தேன். உளுந்து கொஞ்சம் அதிகமாக ஊறிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

டீக்கடை வாசலில் நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். இதுவும் முதல் தடவை.

“நான் சொல்லிடுறேன்” என்றார் எபனேசர். “குறைய மறச்சது நாந்தான். நீங்க அட்டையப் பாத்து எழுதினப்ப அது இல்ல. உங்க சீட்டுல தப்பே இல்ல.”

“பள்ளம் என்னோடது.”

“அத மறச்சதாலதான பழி அக்கா மேல போச்சு? நான் எழுதியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

“அன்னிக்கே என் வேலை போயிருக்கும்.”

“அதான் எழுதல.”

டீ மாஸ்டர் எங்களைச் சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “பால் கூடவா, கம்மியா?” என்று கேட்டார், நாங்கள் டீயே சொல்லியிருக்கவில்லை.

கடைசியில் நான்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை அக்காவின் கடைசி நாள். வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் நான் ஒருத்திதான் என்பதை அம்மா இன்று இரண்டு முறை சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாக்களுக்கு வாசனை தெரியும்போல.

ஜூன் 28, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே இதை எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன்.

காலையில் வந்ததும் அண்ணாச்சியின் மேசை முன் போய் நின்றேன். அக்கா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எபனேசர் காய்ந்த பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அந்தப் பிறை என் கட்டைவிரல். நான் புத்தகங்களைப் படிக்கிறேன்.”

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நீ நல்ல புள்ளம்மா” என்றார். “அந்தம்மாவக் காப்பாத்தப் பாக்குற.”

“இல்லை, நிஜமாகவே நான்தான்.”

“சரி, படி.” கழித்த கட்டிலிருந்து ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். “எங்க முன்னாலயே படி. பிறை விழுதான்னு பாத்துருவோம்.”

என் அதிர்ஷ்டம், ‘வானவில் படை’. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே மூன்று பேரும் நின்றார்கள். அண்ணாச்சி இடுப்பில் கைவைத்துக் குனிந்து என் கட்டைவிரலையே பார்த்தார். நான் ஒரு வரியை நான்கு முறை படித்தேன். எழுத்து தெரிந்தது, சொல் தெரியவில்லை. முடித்து நீட்டினேன். விளக்குக்குக் கீழே அட்டையைச் சாய்த்தார். மொழுமொழுவென்றிருந்தது.

“பாத்தியா? நீ இல்ல.”

குற்றத்தை ஒப்புக்கொண்டும் ஒருத்தியால் குற்றவாளியாக முடியாமல் போவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

“அண்ணாச்சி,” என்றார் அக்கா, “பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி எல்லாரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா எந்தப் புள்ளைக்கு மனசு கதையில போகும்? அதுலயும் ஒரு மட்டமான புத்தகத்தக் குடுத்திருக்கீக.”

“மட்டமானதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“அட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கே.”

அப்போது எபனேசர் ஈரக் கையோடு முன்னால் வந்தார்.

“பாத்தா வராது அண்ணாச்சி. அவங்க படிக்கும்போது யாரும் பாக்கக் கூடாது. பாக்குறது தெரிஞ்சா வெரல் தளந்துரும்.”

“அதெப்படி ஒனக்குத் தெரியும்? நீ பாத்தியாக்கும்?”

எபனேசர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

“எலேய், ஒன்னத்தான் கேக்கேன்.”

“பாத்திருக்கேன்.”

“எத்தன நாளா?”

“ரெண்டு வருசமா.”

அக்கா சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. வேலை போகிற நாளில் ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் இருந்த அளவுகோலை மிகுந்த கவனத்துடன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எபனேசர் மீதியையும் சொல்லிவிட்டார்: தனக்கு முதலிலிருந்தே தெரியும், ஒரு பிறையைக்கூடத் தன் சீட்டில் எழுதவில்லை, தானும் படிப்பவன்தான். அண்ணாச்சி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் தான் எழுதிய சிவப்பு எழுத்தைப் பார்த்தார். அந்த எழுத்துக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

“அதெல்லாம் சரிய்யா. கரூர்க்காரருக்கு நான் என்ன பதில் சொல்ல? ‘பாத்திருக்கேன்’னு சொன்னா ஒத்துக்குவாரா? எனக்குக் கண்ணால தெரியணும்.”

“அப்ப நல்ல கதையாக் குடுங்க” என்றார் அக்கா.

அண்ணாச்சி கட்டைப் புரட்டினார். எபனேசர் அவருக்குப் பின்னால் நின்று ஒன்றுக்குத் தலையை ஆட்டினார். ‘உப்பளத்தில் ஒரு கால்தடம்’. பின்னட்டை இல்லாததால் கழிக்கப்பட்ட பிரதி. நான் அதுவரை பார்க்காதது.

மூன்று பேரும் திரும்பிக்கொண்டார்கள். அண்ணாச்சி போனில் யாரிடமோ காலண்டர் காகிதம் பற்றிப் பேச ஆரம்பித்தார். அக்கா மெஷினைத் துடைத்தார். எபனேசர் ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்தார்.

முதல் இரண்டு பக்கம் எதுவும் ஏறவில்லை. என் விரலையே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அழுந்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்புறம் ஒரு கட்டத்தில், விடிகாலையில் உப்புப் பாத்திகளுக்கு நடுவே ஒரு காவலர் தனியாக நிற்கிறார். வெள்ளை வெளேரென்ற உப்பின் மேல் ஒற்றை ஆளின் கால்தடம் நடுப்பாத்தி வரை போகிறது. திரும்பி வரவில்லை. அங்கே ஆளும் இல்லை.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தலையை நிமிர்த்தியபோது மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எப்போது திரும்பினார்கள் என்று தெரியாது. என் பக்கத்தில் யாரோ வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது, மின்சாரம் போனதைக்கூட நான் உணரவில்லை.

அண்ணாச்சி புத்தகத்தை என் கையிலிருந்து, தூங்குகிற குழந்தையிடமிருந்து பொம்மையை எடுப்பது போல எடுத்தார். ஜன்னலுக்குப் போய் அட்டையைச் சாய்த்தார்.

கீழ் ஓரத்தில், நகத்தை ஒட்ட வெட்டியும், அழகான பிறை.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்போதுதான் அவர் கண் கலங்கியது.

“எந்த எடத்துலம்மா இவ்வளவு அழுத்துன?” என்றார் அண்ணாச்சி.

“அந்தக் கால்தடம் காணாமப்போனவரோடதே இல்லைன்னு தெரியுற இடத்துல. அதைப் போட்டது…”

“சொல்லாத!” அண்ணாச்சி கையை உயர்த்தினார். “நான் இன்னும் படிக்கல.”

பிறகு தான் என்ன சொன்னோம் என்பதை உணர்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஜெயக்கொடி, கோயம்புத்தூருக்குப் போனப் போட்டு மெஷின் வேண்டாம்னுருவேன். நீ திங்கக்கெழம வந்துரு.”

“சரி அண்ணாச்சி.”

“எலேய் எபனேசர், பெட்டி போன ஆளுக அத்தன பேருக்கும் நீதான் போன் போடுற. பல் டாக்டர்லேருந்து ஆரம்பி. உள்ளத உள்ளபடி சொல்லு. திருப்பி அனுப்புனா மறுபடி பாத்து அடைச்சுத் தாரோம்னு சொல்லு. திட்டுனா வாங்கிக்க.”

“சரி அண்ணாச்சி.”

எனக்கு முன்னால் வந்து நின்றார். அவர் கையில் அந்தப் புத்தகம் இன்னும் இருந்தது.

“நீ வர வேண்டாம்மா.”

“சரி அண்ணாச்சி” என்றேன். நியாயமான தீர்ப்பு. பள்ளத்தை மறைத்தவரை மன்னிக்கலாம். பள்ளம் போடுகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தொழில் நடத்த முடியாது. நான் பொருட்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தார். என் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு வாரமா வாயத் தெறக்காம இருந்தியே, பாவி” என்றார். கோபமாகத்தான் சொன்னார். கையை மட்டும் விடவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் கத்தினாள். பிறகு, “அப்படி என்னடி கதை அது?” என்றாள். சொன்னேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

சாயங்காலம், ஆராதனை முடிந்து எபனேசர் வந்தார். பல் டாக்டர் என்னென்ன சொல்லித் திட்டினார் என்பதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். அதைச் சொல்ல இரண்டு முறை காபி தேவைப்பட்டது. அம்மா அவரை ஊர், தெரு, அப்பா வேலை, உடன்பிறந்தவர்கள் என்று வரிசையாக விசாரித்து முடித்து, அடுப்படிக்கு வந்து என் காதில், “காது கொஞ்சம் பெருசு. அது பிறவிதான?” என்றாள்.

அவர் கிளம்பும்போது வாசலில் நின்று பேசியதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 9, புதன்

தண்ணீர் வந்தது. வேலைக்கு மூன்று இடங்களில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரில் எல்லா அச்சகத்திலும் அடுத்த வருடக் காலண்டருக்குப் பூஜை போட்டார்கள். எனக்கும் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே என்னைப் படிக்கச் சொல்லியே சம்பளம் தருகிறார்கள். ஆனால் ராகு காலத்தையும் எமகண்டத்தையும் எவ்வளவு ஆர்வமாகப் படித்தாலும் விரல் இறுகுவதில்லை.

ஜெயக்கொடி அக்கா செம்பிரதியில்தான் இருக்கிறார். அவருடைய மகள் காலேஜுக்குப் போகிறாள். என் இடத்துக்குச் சாத்தூரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்குக் கதை படிக்கப் பிடிக்காதாம்.